தூங்குகிற பிள்ளையின் காது

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மலையேறும் பழைய சாலையில், மலேசியாவின் கேமரன் மலையில் முதல் ஊராக வருவது ரிங்லெட். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். காது அடைத்துத் திறக்கும் உயரம். பகலில் காய்கறி லாரிகளும் சுற்றுலாக் கார்களும் ஓயாமல் போகும். இருட்டிப் பனி இறங்கியதும் ஊர் அடங்கிவிடும். சற்றுத் தள்ளி, மலைச்சரிவுகளில் இருக்கும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் இன்னும் சீக்கிரம் அடங்கும். அந்த அமைதியில் ஒரு தகர மங்கு சிமெண்டுத் தரையில் விழுந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

மலாயாவின் பழைய லயன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த தடுப்பு பல இடங்களில் கூரை வரை போகாது. மேலே திறந்தே கிடக்கும். ஒரு வீட்டு அடுப்புப் புகை அடுத்த வீட்டில் இறங்கும். ஒரு வீட்டுக் குழந்தையின் இருமல் அடுத்த வீட்டுக்காரியை எழுப்பும். காலப்போக்கில் செங்கல் சுவர் வந்தது, மேல்தளம் வந்தது. ஆனாலும் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் சத்தத்துக்குத் தனிக்குடித்தனம் கிடையாது.

அப்படிப்பட்ட வீட்டில்தான், அடி விழுந்த இரவுக்கு மறுநாள், வீங்கிய கன்னத்தோடு அடுப்பைப் பற்றவைக்கும் பெண் தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறாள்: "நல்ல வேளை, புள்ள தூங்கிட்டான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

குடும்ப வன்முறையைப் பற்றி ஊர் நம்பும் கதைகளில் மிகவும் ஆறுதலானது இதுதான். மிகவும் தவறானதும் இதுதான்.

தூக்கத்திலும் விழித்திருக்கும் மூளை

2013-இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வினோதமான காரியம் செய்தார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள 20 குழந்தைகளை அவர்கள் வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் வரவழைத்து, தூங்கவைத்து, மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் கருவிக்குள் படுக்க வைத்தார்கள். காதில் ஒலிக்கருவி. அதில் ஓர் ஆண் குரல் பொருளில்லாத சொற்களைப் பேசியது: ஒரு முறை மகிழ்ச்சியாக, ஒரு முறை சாதாரணமாக, ஒரு முறை லேசான எரிச்சலோடு, ஒரு முறை கடும் கோபத்தோடு.

குழந்தைகள் எழவில்லை. ஆனால் மூளை குரலுக்குக் குரல் வேறுபாடு காட்டியது. வீட்டில் பெற்றோர் அதிகம் சண்டை போடுவதாகத் தாய்மார்கள் சொல்லியிருந்த குழந்தைகளிடம், கோபக் குரல் ஒலித்தபோது, மன அழுத்தத்தையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகள் மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாகத் தூண்டப்பட்டன. இந்த ஆய்வு கணக்கில் எடுத்தது அடிதடியைக்கூட அல்ல. பெற்றோருக்கு நடுவிலான சண்டையை மட்டுமே.

பேச்சு வராத குழந்தைக்குச் சொற்கள் தெரியாது. ஆனால் குரலின் ஏற்ற இறக்கம் தெரியும், தூக்கியிருக்கும் கை நடுங்குவது தெரியும், பால் கொடுக்கும் தாயின் உடம்பு விறைப்பது தெரியும். வீட்டில் வன்முறை நடக்கும்போது கைக்குழந்தைகள் காரணமில்லாமல் அழுவதும், தூக்கம் கெடுவதும், சரியாகப் பால் குடிக்காமல் போவதும் மருத்துவர்கள் நெடுநாளாகக் கண்டுவருபவை. பாட்டிமார் இதைக் 'கண்ணேறு' என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போடுவார்கள்.

மோட்டார் சத்தத்தைப் படிக்கும் பாடம்

மூன்று நான்கு வயதாகும்போது பிள்ளைக்கு ஒரு புதுச் சுமை வந்து சேர்கிறது. இந்த வயதில் உலகம் தன்னைச் சுற்றியே இயங்குவதாக எல்லாக் குழந்தைகளும் நினைக்கும். அதனால் அப்பா கத்தினால், தான் சோற்றைக் கொட்டியதுதான் காரணம். அம்மா அழுதால், தான் அடம்பிடித்ததுதான் காரணம். கழிவறைப் பழக்கம் வந்திருந்த பிள்ளை மறுபடி பாயை நனைக்கத் தொடங்குவதும், பேசிக்கொண்டிருந்த பிள்ளை திக்கத் தொடங்குவதும், அம்மாவின் சேலையை விடாமல் பிடித்துக்கொள்வதும் இந்தக் கட்டத்தில் அடிக்கடி காணப்படுபவை.

பள்ளிக்கூட வயதில் பிள்ளை ஒரு வல்லுநராக மாறிவிடுகிறது. மோட்டார் சைக்கிள் மேட்டில் ஏறிவரும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று கணக்குப் போடும். சாவி மேசையில் வைக்கப்படுகிறதா, வீசப்படுகிறதா? செருப்பு எந்த வேகத்தில் கழற்றப்படுகிறது? சம்பள நாள் எத்தனை நாளில்? எப்போது தம்பியைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டும், எப்போது தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டவேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். வாய்ப்பாடு மட்டும் மனப்பாடம் ஆவதில்லை.

இதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 2011-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஈமன் மெக்ரோரியின் குழு, குடும்ப வன்முறைக்கு ஆளான 20 குழந்தைகளையும் அப்படி ஆளாகாத 23 குழந்தைகளையும் ஒப்பிட்டது. கோபமான முகங்களின் படங்களைக் காட்டியபோது, வன்முறை வீட்டுப் பிள்ளைகளின் மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் இரண்டு பகுதிகள் கூடுதலாக இயங்கின. போர்முனைக்குப் போய்வந்த சிப்பாய்களிடம் கூடுதலாக இயங்குவதாக ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்த அதே பகுதிகள் அவை. அந்தக் குழந்தைகள் எவருக்கும் மனநோய் என்று சொல்லத்தக்க அடையாளம் அப்போது இருக்கவில்லை. வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தார்கள்.

'நன்றாகவே இருந்தார்கள்' என்பதைத்தான் கவனிக்கவேண்டும். வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளை இரண்டு விதமாகத் தெரியும். ஒன்று, சின்னச் சீண்டலுக்கே கைநீட்டும் முரட்டுப் பையன். அவனை எல்லாருக்கும் தெரியும், ஆசிரியரின் பிரம்புக்கும் தெரியும். மற்றொன்று, சொன்ன வேலையை முடித்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும் 'தங்கமான பிள்ளை'. வீட்டுப்பாடம் செய்யாமல் வந்ததற்குக் காரணம் கேட்டால் 'மறந்துட்டேன் சார்' என்று சொல்லும். முதல் நாள் இரவு எந்த அறையில் விளக்கு உடைந்தது என்று சொல்லாது. அடிக்கடி வயிற்றுவலி என்று வீட்டில் தங்கிவிடும். பொய் வலி அல்ல; பயம் குழந்தைகளுக்கு வயிற்றில்தான் முதலில் தெரியும். தான் வீட்டில் இருந்தால் அம்மாவுக்கு அடி விழாது என்ற கணக்கும் அந்த வலிக்குள் சில சமயம் ஒளிந்திருக்கும்.

பதின்ம வயதில் கணக்கு மாறுகிறது. மூத்த மகள் சமையல், தம்பி தங்கைகளின் குளியல், அம்மாவின் கண்ணீர் எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்கும் சின்ன அம்மா ஆகிவிடுகிறாள். மகன் ஒரு நாள் நடுவில் புகுந்து அப்பாவின் கையைப் பிடிக்கிறான். அல்லது இரவெல்லாம் ரிங்லெட் கடைத்தெருவில் சுற்றிவிட்டு வீடு அடங்கிய பிறகு வருகிறான். 'பையன் கெட்டுப் போயிட்டான்' என்று ஊர் அவனைப் பற்றிப் பேசத் தொடங்கும். அவன் வீட்டைப் பற்றி அப்போதும் பேசாது.

நல்ல அப்பா, கெட்ட அப்பா

வெளியாருக்குப் புரியாத ஒன்று உண்டு. இந்தப் பிள்ளைகள் அப்பாவை வெறுப்பதில்லை, குறைந்தது முழுதாக வெறுப்பதில்லை. முந்தின இரவு கதவை உடைத்த அதே கை மறுநாள் மாலை சூடாக ரொட்டி சானாய் வாங்கி வரும். தைப்பூசத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போகும். குழந்தைக்கு இரண்டுமே உண்மை. அப்பா வேண்டும், அப்பாவின் அந்த இரவு வேண்டாம். இதைச் சொல்ல அதற்கு மொழி இல்லை. அம்மா பக்கம் நின்றால் அப்பாவுக்குத் துரோகம், அப்பாவின் ரொட்டியைத் தின்றால் அம்மாவுக்குத் துரோகம். 'உனக்கு அம்மா வேணுமா, அப்பா வேணுமா?' என்று உறவினர்கள் விளையாட்டாகக் கேட்கும் கேள்வி இந்த வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டாக இருப்பதில்லை.

அடி விழாத நாட்களிலும் அந்த வீடு சாதாரண வீடாக இருப்பதில்லை என்பதை 2016-இல் பிரிட்டன் ஆய்வாளர் எம்மா காட்ஸ் விரிவாக எழுதினார். 15 தாய்மார்களையும் 15 பிள்ளைகளையும் சந்தித்து அவர் கேட்ட கதைகளில் அடி உதை பாதிதான். மீதி, அன்றாடம். அம்மாவின் கையில் காசு இருக்கக்கூடாது. பாட்டி வீட்டுக்குப் போகக்கூடாது. கூட்டாளிகளை அழைத்து வரக்கூடாது. அம்மா பிள்ளையோடு சிரித்துப் பேசினால்கூட 'எனக்குச் சோறு போட நேரமில்லை, இதுக்கு நேரமிருக்கா' என்ற பேச்சு. அப்பா கட்டிவைக்கும் வேலிக்குள் அம்மா மட்டும் இல்லை, பிள்ளையும் இருக்கிறது. அதனால் அந்தப் பிள்ளையை 'சாட்சி' என்று சொல்வது போதாது என்கிறார் காட்ஸ். சாட்சி என்பவர் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவர். இது பார்க்கும் பிள்ளை அல்ல, அதற்குள்ளேயே வாழும் பிள்ளை.

காட்ஸ் கண்ட மற்றொன்றும் முக்கியம். பிள்ளைகள் சும்மா சகித்துக்கொண்டிருக்கவில்லை. அப்பா இல்லாத நேரத்தில் அம்மாவோடு ரகசியமாக விளையாடினார்கள், அம்மாவைத் தேற்றினார்கள், தங்களுக்கென்று சின்னச் சின்ன இடங்களைத் திறந்துவைத்தார்கள்.

எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்

நகரத்து அடுக்குமாடி வீட்டில் வன்முறை கதவுக்குப் பின்னால் மறைந்து நடக்கிறது என்பார்கள். தோட்டத்தில் மறைவு என்பதே கிடையாது. ரிங்லெட்டை ஒட்டிய முதல் தேயிலைத் தோட்டம் 1929-இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தோட்டம். காட்டை வெட்டி, மலையைத் திருத்தித் தேயிலை நட்ட கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள். வேலைத்தலம், வீடு, கோயில், கடை, தமிழ்ப் பள்ளி, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை எல்லாம் ஒரே எல்லைக்குள் அமைந்தன. இன்று கொழுந்து வெட்ட இயந்திரமும் நேப்பாள, வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களும் வந்துவிட்டார்கள். பல தமிழ்க் குடும்பங்கள் காய்கறிப் பண்ணைகளுக்கும் பட்டணங்களுக்கும் போய்விட்டன. இருப்பவர்களிடம் அந்தப் பழைய நெருக்கம் இன்னும் இருக்கிறது.

நெருக்கம் நல்லதுதான். சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் கூப்பிடாமலேயே ஆள் சேரும். ஆனால் இரவில் ஒரு வீட்டிலிருந்து அலறல் கேட்டால் மட்டும் எல்லாக் காதுகளும் ஒரே நேரத்தில் செவிடாகும். 'புருஷன் பொண்டாட்டி விவகாரம்.' மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அடித்தவரும் நிற்பார், அடிபட்டவளும் நிற்பாள், கேட்டவர்களும் நிற்பார்கள். யாரும் வாய்திறக்க மாட்டார்கள்.

இதை ஒரு குழந்தை எப்படிப் படித்துக்கொள்ளும்? யாருக்கும் தெரியாது என்று நினைக்கும் பிள்ளைக்காவது, தெரிந்தால் யாரேனும் வருவார்கள் என்ற நம்பிக்கை மிஞ்சும். எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் யாரும் வரவில்லை என்று கண்டுகொண்ட பிள்ளைக்கு அதுவும் மிஞ்சாது. இது இப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது என்ற முடிவுக்கு அது வந்துவிடும்.

ரிங்லெட்டுக்கு மட்டும் உரிய மனப்பான்மையும் அல்ல இது. மலேசியாவின் மகளிர் உதவி அமைப்பு 2021-இல் வெளியிட்ட, ஆயிரம் மலேசியர்களிடம் எடுத்த கருத்தாய்வில், அன்றாட அழுத்தத்துக்கும் விரக்திக்கும் குடும்ப வன்முறை ஒரு 'இயல்பான' எதிர்வினை என்று பாதிக்கு மேற்பட்டோர் கருதினார்கள்.

கள்ளுக்கடை, சம்சு, கிராணியின் கன்னம்

தோட்டத்து வன்முறையைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது குடி. அதற்கு வரலாறும் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை நடந்தது. கூலியாகக் கொடுத்த காசில் ஒரு பகுதி அந்தக் கடை வழியாகத் திரும்பிப் போனது. தொழிலாளர்கள் அதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூடுவதும், பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடமும், பெண்களிடம் அதிகாரிகள் அத்துமீறுவதை நிறுத்துவதும் இருந்தன. போருக்குப் பின், 1947-இல், கெடாவின் பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமி தலைமையிலான தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. போலீசாரோடு மோதலில் போய் முடிந்தது. கள் போன பிறகு, அதைவிட மலிவாகவும் காட்டமாகவும் சம்சு என்ற சாராயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆகவே குடி ஒரு காரணம். அதையே முழுக் காரணமாக்கினால் கணக்கு இடிக்கிறது. குடித்துவிட்டு மனைவியை அறைகிறவர், அதே போதையில் தோட்டத்துக் கணக்கரான கிராணியின் கன்னத்தில் அறைவதில்லை. வேலையை மேற்பார்க்கும் தண்டலின் வீட்டுக் கதவை உதைப்பதில்லை. எங்கே கை நீளலாம், எங்கே நீளக்கூடாது என்ற விவரம் எத்தனை போத்தலுக்குப் பிறகும் தெளிவாகத்தான் இருக்கிறது. சொட்டுக்கூடக் குடிக்காமல் மனைவியை அடிக்கும் ஆசாமிகளும் எல்லா வகுப்பிலும் உண்டு. 'போதையில தெரியாம செஞ்சிட்டாரு' என்று பெரியவர்கள் சொல்லும்போது, அந்த இரவை அருகிலிருந்து பார்த்த பிள்ளைக்கு அது பொருந்தாமல் படும். ஏனென்றால் அடி யாருக்கு விழுகிறது, யாருக்கு விழுவதில்லை என்பதை அது கவனித்திருக்கிறது.

இன்னொரு முடிச்சும் உண்டு. தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது; வேலையை விட்டால் வீடு இல்லை. பிள்ளையோடு வெளியேற நினைக்கும் பெண் ஒரே நேரத்தில் கணவனை, கூரையை, எடைக்கேற்பச் சம்பளம் தரும் கொழுந்தை, பிள்ளையின் பள்ளியை, பக்கத்து வீட்டு அக்காவை எல்லாவற்றையும் விடவேண்டியிருக்கிறது. 'அவ ஏன் இன்னும் அங்கேயே கிடக்கிறா?' என்று கேட்பவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

சட்டம் வந்த பாதை

மலேசியாவில் இந்த விவகாரம் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே வந்தது பெண்களின் உழைப்பால். 1982-இல் மகளிர் உதவி அமைப்பு தொடங்கி, அடிபட்ட பெண்களும் பிள்ளைகளும் தங்க ஓர் இல்லத்தைத் திறந்தது. 1985-இல் பல மகளிர் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான கூட்டியக்கமாயின. அந்தக் காலப் போராட்டத்தில் முன்னின்றவர்களில் ஒருவர் ஐரீன் பெர்னாண்டஸ். அவர் தந்தை ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். 1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனாலும் அது நடப்புக்கு வர 1996 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில், அடிபட்டு வருபவர் ஒவ்வொரு முகப்பாக அலையாமல் சிகிச்சை, போலீஸ் புகார், ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க ஒரு மையம் திறக்கப்பட்டது. 1996-இல் அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் அந்த ஏற்பாட்டைக் கொண்டுபோகச் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை அனுப்பியது.

பிள்ளைகளுக்கு இந்தச் சட்டங்களில் என்ன இடம்? குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி மனைவி மட்டுமல்ல, பிள்ளையும் பாதுகாப்பு ஆணை பெறத் தகுதியுள்ளவர். 2012-இல் நடப்புக்கு வந்த திருத்தம் மனத்தைக் காயப்படுத்துவதையும் வன்முறையாகச் சேர்த்தது. 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் மனக்காயத்தின் அடையாளங்களைப் பெயர் சொல்லியே எழுதிவைத்திருக்கிறது: பதற்றம், மனச்சோர்வு, ஒதுங்கிப்போதல், மூர்க்கம், வளர்ச்சியில் தாமதம். பின்வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் கைநீட்டும் முரடனையும் சட்டம் ஒரே வரியில் சேர்த்துப் பார்க்கிறது.

பிரிட்டன் ஒரு படி மேலே போனது. 2021-ஆம் ஆண்டின் சட்டத்தில், வீட்டில் நடக்கும் வன்முறையைப் பார்த்தாலும் கேட்டாலும் அதன் விளைவை அனுபவித்தாலும் அந்தப் பிள்ளையே பாதிக்கப்பட்டவர் என்று எழுதிவிட்டார்கள். 'கேட்டாலும்' என்ற சொல் லயன் வீட்டுக்காகவே போட்டதுபோல் இருக்கிறது.

2018 முதல் மலேசியாவில் அவசரப் பாதுகாப்பு ஆணை இருக்கிறது. போலீஸ் புகார் இல்லாமலேயே சமூக நல அதிகாரி இதைக் கொடுக்கலாம். ஏழு நாளுக்குச் செல்லும். நீதிமன்றம் தரும் பாதுகாப்பு ஆணையோ, அடித்தவர் 50 மீட்டருக்குள் வரக்கூடாது என்று தடுக்க இடமளிக்கிறது. நகரத்தில் 50 மீட்டர் ஒரு தெரு. தோட்டத்தில் அதே 50 மீட்டருக்குள் கோயிலும் வரும், மளிகைக்கடையும் வரும், பள்ளி வாகனம் நிற்கும் இடமும் வரும். ஆணை கையில் இருந்தாலும் பிள்ளை ஒரு நாளில் நாலு தடவை அப்பாவின் முகத்தைப் பார்க்க நேரும். அந்த நாலு தடவையும் அது என்ன செய்யவேண்டும், சிரிக்கவேண்டுமா, ஓடவேண்டுமா என்று யாராவது முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லித்தரவேண்டும்.

கோவிட் காலத்தில், 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, ஒதுங்க இடமில்லாத இந்தச் சிக்கல் நாடு முழுதும் ஒரே நாளில் தெரிந்தது. பள்ளி மூடியதும் பிள்ளைக்கு வீட்டை விட்டால் வேறு இடமில்லை. மகளிர் உதவி அமைப்புக்கு வந்த அழைப்புகளும் செய்திகளும் ஏப்ரலுக்குள், பிப்ரவரியில் இருந்ததைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஆயின. அதே நாட்களில், வீட்டில் சண்டை வராமலிருக்க மனைவிமார்கள் டோரேமோன் பொம்மைப்படக் குரலில் கொஞ்சிப் பேசலாம் என்று அரசின் மகளிர் மேம்பாட்டுத் துறை சுவரொட்டி வெளியிட்டு, நாடே சிரித்த பிறகு மன்னிப்புக் கேட்டது.

தலையெழுத்தா?

'அப்பனைப்போலத்தான் பிள்ளையும் வரும்' என்று ஊர் சொல்வதில் எவ்வளவு உண்மை? ஓரளவு உண்டு. 2005-06-இல் இந்தியாவில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தன் தாய் அப்பாவிடம் அடிவாங்கியதாகச் சொன்ன பெண்களில் 60 விழுக்காட்டினர் தாங்களும் கணவனிடம் வன்முறையை அனுபவித்திருந்தார்கள்; அப்படிச் சொல்லாத பெண்களில் அது 30 விழுக்காடு. 1998-இல் அமெரிக்காவில் பெலிட்டி, அன்டா என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்ட பெரிய ஆய்வு, தாய் அடிபடுவதைக் கண்டு வளர்ந்ததையும் சிறுவயதுத் துன்பங்களில் ஒன்றாகக் கணக்கிட்டது. அத்தகைய துன்பங்களில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்கள் வளர்ந்த பிறகு குடிக்கும் மனச்சோர்வுக்கும் தற்கொலை முயற்சிக்கும் ஆளாகும் வாய்ப்பு நாலிலிருந்து பன்னிரண்டு மடங்கு கூடியிருந்தது.

ஆனால் ஒரு தீவிலிருந்து, வேறொரு தோட்டத்திலிருந்து வந்த செய்தியும் இருக்கிறது. ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இருவர் பிறப்பிலிருந்து நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். அவர்களில் பலர், ஆசிய நாடுகளிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த கூலிகளின் வழிவந்தவர்கள். வறுமை, குடி, மனநோய், ஓயாத சண்டை இவற்றில் பலவும் சேர்ந்திருந்த வீடுகளில் பிறந்த 201 குழந்தைகளைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 72 பேர், மூன்றில் ஒரு பங்கு, நிதானமான, அன்பான, வேலை செய்து குடும்பம் நடத்தும் மனிதர்களாக வளர்ந்திருந்தார்கள்.

அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்ட ஒன்று, பணத்தையோ புத்திக்கூர்மையையோ சார்ந்ததல்ல. பெற்றோரைத் தவிர, நிலையாகத் தங்களைக் கவனித்த ஒரு பெரியவர் அவர்களுக்கு இருந்தார். பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி, ஓர் ஆசிரியர். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் தூளி ஆட்டிக்கொண்டு, எந்தப் பிள்ளை ராத்திரி தூங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்லும் ஆயாவை நினைத்துக்கொண்டால், அந்த ஆய்வு சொல்வது என்னவென்று எளிதில் விளங்கும்.

அந்தப் பெரியவர் பெரிதாக எதுவும் செய்யவேண்டியதில்லை. துருவித் துருவிக் கேட்கவேண்டாம். அப்பாவைத் திட்டவும் வேண்டாம். பிள்ளை அப்போதே வாயை மூடிக்கொள்ளும். 'யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யவும் வேண்டாம், காப்பாற்றமுடியாத சத்தியம் அது. சொல்லவேண்டியது இரண்டு மூன்று வாக்கியம்: 'நீ சொல்றதை நான் நம்புறேன். இது உன்னால வந்தது இல்லை. நடுவுல புகுந்து தடுக்கிறது உன் வேலை இல்லை.' அப்படியொரு இரவு வந்தால் எந்த வீட்டுக்கு ஓடலாம், தம்பியை எப்படி அழைத்துப் போவது என்று பகலிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் நாள் முழுதும் இயங்குவது. அடிபட்டவர்தான் அழைக்கவேண்டும் என்றில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் ஆசிரியரும் அழைக்கலாம். மலையில் காயத்துக்கு மருந்து போடவும் பதிவு செய்யவும் தானா ராத்தா மருத்துவமனை இருக்கிறது.

இந்தியாவில் 2008-இல் 'பெல் பஜாவ்', அதாவது மணியை அடி, என்று ஓர் இயக்கம் தொடங்கியது. தொலைக்காட்சியில் அதன் விளம்பரங்கள் மிகச் சிறியவை. ஒன்றில், தெருவில் பந்து விளையாடும் பையன்களின் காதில் ஒரு வீட்டுச் சண்டை விழுகிறது. ஆட்டம் நிற்கிறது. ஒருவன் போய் அந்த வீட்டு மணியை அடித்து, பந்து உள்ளே விழுந்துவிட்டது என்கிறான். பந்து அவன் கூட்டாளி கையிலேயே இருக்கிறது. கதவைத் திறந்தவருக்கும் அது புரிந்துவிடுகிறது. இன்னொன்றில் ஒருவர் கொஞ்சம் பால் கேட்டு வருகிறார்.

லயன் வீட்டில் அழைப்பு மணி கிடையாது. தட்டினால் போதும். ஒரு கரண்டி சீனி கேட்கலாம், தீப்பெட்டி கேட்கலாம், மழை வருதே, துணியை எடுத்தாச்சா என்று கேட்கலாம். கதவுக்கு அந்தப் பக்கம், கம்பளிக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடக்கும் பிள்ளைக்கு அந்தத் தட்டும் சத்தமும் கேட்கும்.